நிதானமாக ஓடினால் தண்ணீர் குளிருமா?

மோரிஸ் மைனர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இலங்கையிலிருந்து எழுதியிருக்கிறார். நுவரெலியாவுக்கு ஏறும்போதெல்லாம் எஞ்சின் கொதிக்கிறதாம். விசாரித்ததில் அவருக்கு இரண்டு யோசனைகள் கிடைத்திருக்கின்றன. ஹீட்டரைத் திறந்துவிட்டால் சூடு தணியும் என்பது ஒன்று. தெர்மோஸ்டாட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடிப்போய்விடும், ரேடியேட்டரில் நின்று குளிர அதற்கு நேரம் இருக்காது என்பது மற்றொன்று. எதை நம்புவது என்று கேட்கிறார். இரண்டு யோசனையையும் நம்பலாம். இரண்டாவதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் நம்பக் கூடாது. தண்ணீர் நிதானமாக ஓடினால்தான் நன்றாகக் குளிரும் என்ற அந்தக் காரணம் பல நாட்டுப் பட்டறைகளில் தலைமுறைகளாகப் புழங்குகிறது. கேட்டவுடன் சரி என்றும் படுகிறது. அதை நம்பித் தண்ணீர் போகும் பாதையில் சிறு துளை போட்ட வாஷரைச் செருகி, ஓட்டத்தை வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு. அது தவறு என்று காட்ட ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். அதே காரின் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரே போதும்.

ஹீட்டர் கோர் என்பது தடித்த புத்தகம் ஒன்றின் அளவில் இருக்கும் குட்டி ரேடியேட்டர். பழைய கார்களில் மெல்லிய பித்தளைக் குழாய்களும் அவற்றைச் சுற்றிச் செம்புத் தகடுகளும், எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் ஈயப் பற்றும்தான் அதன் உடம்பு. ஒரு சிறு மின்விசிறி அதன் ஊடே காற்றை ஊதி உள்ளே அனுப்பும். இதில் தனிப் பம்ப் கிடையாது, தனி அடுப்பும் கிடையாது. மைனரின் எஞ்சினில் வாட்டர் பம்ப் முன்பக்கத்தில் இருக்கிறது. அது தள்ளும் தண்ணீர் பிளாக்கில் புகுந்து, சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, ஹெட்டின் முன்முனையில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குப் போகிறது. ஹீட்டருக்கான வாய் இருப்பதோ ஹெட்டின் பின்முனையில், பம்பிலிருந்து மிகத் தள்ளி. அங்கே ஒரு திருகு வால்வு. அதிலிருந்து ஒரு ஹோஸ் ஹீட்டருக்குள் போகிறது. ஹீட்டரைச் சுற்றிவந்த தண்ணீர் இன்னொரு ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் அடி ஹோஸில், அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில், சேர்கிறது. தள்ளும் பக்கத்தையும் உறிஞ்சும் பக்கத்தையும் எந்தக் குழாயால் இணைத்தாலும் அந்தக் குழாயில் தண்ணீர் ஓடும். ஹீட்டரின் சூட்சுமம் இவ்வளவுதான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பாதை தெர்மோஸ்டாட்டைத் தொடுவதே இல்லை. பெரிய ரேடியேட்டரின் வாசலில் காவல் உண்டு. ஹீட்டர் பக்கம் ஓட்டுநர் கையிலுள்ள திருகு மட்டும்தான்.

அந்தக் காவலரைப் பற்றிச் சற்று நின்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் காரில் இருக்கும் பொருள்களில் இவ்வளவு அழகான எளிமை வேறெதற்கும் இல்லை. விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். அதற்குள் செம்புத் தூள் கலந்த மெழுகு. மெழுகுக்குள் ஒரு ரப்பர் உறை, உறைக்குள் ஒரு எஃகுக் குச்சி. 82 டிகிரி என்று முத்திரையிட்ட தெர்மோஸ்டாட்டில், அந்த வெப்பத்தை ஒட்டி உருகத் தொடங்கும்படி மெழுகைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். உருகும்போது மெழுகின் கனஅளவு பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுகிறது. திரவத்தை நசுக்க முடியாது, கிண்ணமும் விரியாது, எனவே மெழுகு ரப்பரை நெருக்க, ரப்பர் குச்சியைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. குச்சியின் முனை மேல்சட்டத்தில் ஊன்றியிருப்பதால் கிண்ணம்தான் கீழிறங்க வேண்டும். இறங்கும்போது சுருள்வில்லை அழுத்தி, தன்னோடு ஒட்டிய தட்டைத் திறந்துவிடுகிறது. சூடு குறைந்தால் மெழுகு உறைகிறது, சுருள்வில் தட்டை மூடுகிறது. மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். இது சட்டென்று திறந்து சட்டென்று மூடும் கதவும் அல்ல. முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடேற வேண்டும். அந்த இடைவெளியில் கால்வாசி, அரைவாசி எனத் திறந்தபடி, எஞ்சினுக்கு எவ்வளவு ஓட்டம் தேவையோ அவ்வளவை மட்டும் அனுமதித்துக்கொண்டே இருக்கும்.

இதன் வரலாறு சுருக்கமானது. 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி, முதல் சில ஆயிரம் கார்களுக்குப் பிறகு பம்பையே விட்டுவிட்டது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கையே அதற்குப் போதுமாக இருந்தது. பின்னர் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த துருத்தி வகைத் தெர்மோஸ்டாட்டுகள் வந்தன. மெழுகு வகையை 1930-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னே. ரேடியேட்டருக்கு அழுத்த மூடி வந்தபோது, அந்த அழுத்தம் துருத்தியையும் நசுக்கி அதன் கணக்கைக் கெடுத்தது. மெழுகு அழுத்தத்தைச் சட்டை செய்யவில்லை, அதனால் அதுவே நிலைத்தது. மைனர் 1948-இல் இங்கிலாந்தில் வந்த கார். ஹீட்டர் அதில் கூடுதல் விலைக்குக் கிடைத்த சாமான். வாங்காதவர்களின் காரில் ஹெட்டின் அந்தப் பின்வாயைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள்.

இனி நிதானத் தண்ணீர் விவகாரம். ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டில் சோறு வெந்துகொண்டே இருக்கிறது. அதுதான் எஞ்சினின் வெப்பம். வாளியில் சோற்றை அள்ளிக்கொண்டு வரிசையாக வரும் பரிமாறுபவர்கள்தான் தண்ணீர். இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ரேடியேட்டரின் ஊடே போகும் காற்று. வாளி நிறைந்திருந்தால் கரண்டி நிறைய விழும். வாளி அடிமட்டத்துக்கு வந்தால் பருக்கை பருக்கையாகத்தான் விழும். வெப்பமும் அப்படியே: தண்ணீருக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கைமாறும். இப்போது பரிமாறுபவர்கள் மெதுவாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து இலைக்கு வாளி தாராளமாகக் கொடுக்கும். வரிசையின் கடைசிக்கு வரும்போது வாளியில் சுரண்டல்தான் மிஞ்சும். காலி வாளியோடு திரும்பும் அவரைப் பார்த்து, ஆகா, எல்லாவற்றையும் பரிமாறிவிட்டார் என்று மெச்சலாம். ஆனால் கடைசி இலைகள் காத்துக்கிடக்கின்றன, உள்ளே சோறு குவிந்து பானை வழிகிறது. பரிமாறுபவர்கள் விறுவிறுவென்று நடந்தால், ஒவ்வொருவரும் முக்கால் வாளியோடு திரும்புவார்கள். பார்க்க வீண் நடை போலத் தெரியும். ஆனால் கடைசி இலைக்கு முன்னாலும் எப்போதும் நிறைந்த வாளி ஒன்று நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு வாளி எவ்வளவு காலியானது என்பதல்ல. ஒரு மணி நேரத்தில் சமையற்கட்டிலிருந்து எவ்வளவு சோறு வெளியேறியது என்பதே. இந்தப் பந்தியில் தெர்மோஸ்டாட் யார் என்றால், முதல் பானை வேகும்வரை யாரையும் வெளியே விடாமல் வாசலில் நிற்கும் பெரியவர். ஹீட்டரோ பக்கத்துத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் போட்ட சின்னப் பந்தி. அதற்குப் பின்வாசல் தனி. பெரியவரின் அனுமதி அதற்குத் தேவையில்லை.

உவமை எதையும் நிரூபித்துவிடாது என்பதால் எண்களைப் பார்த்துவிடுவோம். மலையேறும் சிறு கார் மணிக்கு 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று கொள்வோம். லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் என்றால் அது 44 கிலோவாட். தோராயமாக அதில் மூன்றில் ஒரு பங்கு, 15 கிலோவாட் அளவுக்கு, தண்ணீரில் வந்து சேரும். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால், அந்த வெப்பத்தைச் சுமக்க ரேடியேட்டரின் மேல்வாய்க்கும் அடிவாய்க்கும் 7 டிகிரி வித்தியாசம் போதும். 10 லிட்டராகக் குறைத்தால் 21 டிகிரிக்கு மேல் வேண்டும். வெளிக்காற்று 20 டிகிரி என்றும், 15 கிலோவாட்டைக் காற்றுக்குக் கொடுக்க ரேடியேட்டரின் சராசரி 88 டிகிரியில் இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது: வேகமான ஓட்டத்தில் மேலே 92, அடியில் 84. மெதுவான ஓட்டத்தில் மேலே 99, அடியில் 77. அடி ஹோஸைத் தொட்டுப் பார்ப்பவர், மெதுவான ஓட்டத்தில் அருமையாகக் குளிர்கிறது என்றுதான் சொல்வார். அவர் கை பொய் சொல்லவில்லை. ஆனால் எஞ்சினிலிருந்து வெளிவரும் தண்ணீர் 7 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கிறது. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காத காரில், 92-க்கும் 99-க்கும் உள்ள வித்தியாசம் ஊர் போய்ச் சேருவதற்கும் சாலையோரம் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் கொதிநிலை 107 டிகிரி அளவுக்குப் போகும். எனவே வேறெதையும் கழற்றுவதற்கு முன் மூடியைப் பார்ப்பது நல்லது.

எண்களில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காகத்தான் ஹீட்டரைச் சாட்சிக்கு அழைத்தேன். ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? உள்ளே போகும் ஹோஸ் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். திரும்பி வரும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருக்கும். அதாவது தண்ணீர் மிக நிதானமாக ஊர்ந்து, தன் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. நிதானக் கொள்கை சரியென்றால் காருக்குள் அனல் பறக்க வேண்டும். வருவதோ அரைச் சூட்டுக் காற்று. நல்ல நிலையில் உள்ள கோரில் இரண்டு ஹோஸ்களுமே சுடும், காற்றும் சுடும். அடைத்த கோரில் சில குழாய்கள் முழுதாக மூடியிருக்கும், வெப்பம் வெளியேறும் பரப்பே குறைந்திருக்கும், ஆகவே பழியை ஓட்டத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமா என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அப்படியானால் அடைப்பே இல்லாத கோரை எடுத்துக்கொள்வோம். பழைய கார்கள் பலவற்றில் உட்புறச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த ஒரே வழி, ஹீட்டருக்குப் போகும் தண்ணீரின் வால்வைத் திறப்பதும் மூடுவதும்தான். சூடு வேண்டும் என்றால் ஓட்டத்தைக் கூட்டு, வேண்டாம் என்றால் குறை. கோர் அதே கோர், பரப்பு அதே பரப்பு, மாறியது ஓட்டம் மட்டும். தண்ணீர் மெல்ல ஓடினால் காற்றுக்குக் கூடுதல் வெப்பம் கிடைக்கும் என்பது உண்மையானால், இத்தனை கோடிக் கார்களிலும் அந்தத் திருகு தலைகீழாக வேலை செய்திருக்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் இந்தக் குட்டி ரேடியேட்டரின் அண்ணன். தம்பிக்கு ஒரு இயற்பியல், அண்ணனுக்கு வேறொரு இயற்பியல் இருக்க முடியாது.

அப்படியென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகு எஞ்சின் முன்பைவிடக் கொதித்தது என்று பல மெக்கானிக்குகள் சொல்வது கற்பனையா? இல்லை. அவர்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது, தண்ணீரைச் சுற்றுவழியில் பம்புக்கே திருப்பிவிடும் பைபாஸ் துளையை அது மூடிவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அந்தத் தட்டும் போய்விடுகிறது. பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பந்தியில் சொன்னால், பாதிப் பேர் கூடத்துக்கு வராமலே சமையற்கட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் வேகமாகப் போனதால் கொதிக்கவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போகாததால் கொதித்தது. மைனருக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு குட்டை ஹோஸ்தான் பைபாஸ். தெர்மோஸ்டாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது திறந்தேதான் இருக்கும். அங்கே வேறொரு காரணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் குறுகலான வாய்க்கு எதிராகப் பம்ப் தண்ணீரைத் தள்ளும்போது பிளாக்குக்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் அழுத்தம் சற்று உயர்கிறது. எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய சுவரில் தண்ணீர் சதா கொதிக்கும் நிலையில்தான் இருக்கிறது. சிறு குமிழிகளாக எழுந்து உடனே தண்ணீரில் கரைந்தால் நல்லது, அவை வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகும். அழுத்தம் குறைந்தால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து நீராவிப் படலமாகி உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். பிறகு அந்த இடம் வெப்பத்தைக் கொடுக்க வழியில்லாமல் தவிக்கும். ஆக, குறுகலான வாய் நல்லது செய்வது தண்ணீரைத் தாமதப்படுத்துவதால் அல்ல, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால். கழற்றினால் ஹீட்டருக்கும் இரட்டை நஷ்டம்: தண்ணீர் சூடேறவே நேரமாகும், பம்பின் அழுத்தத்தில் பெரும்பகுதி ரேடியேட்டர் பக்கமே போய்விடும்.

இதே கணக்கு எதிர்த்தரப்பு விளம்பரங்களுக்கும் மறுப்பு சொல்கிறது. இரண்டு மடங்கு ஓட்டம் தரும் பம்பை மாட்டினால் எஞ்சின் ஜில்லென்று ஓடும் என்பார்கள். 30 லிட்டரை 60 ஆக்கினால் மேலே 92 என்பது 90 ஆகும், அவ்வளவுதான்; அதற்கு மேல் தடையாக நிற்பது காற்று, தண்ணீர் அல்ல. அளவுக்கு மீறிச் சுழலும் பம்ப் தன் இறக்கைகளின் பின்னால் குமிழிகளை உண்டாக்கிக்கொண்டு தள்ளும் திறனையே இழந்துவிடும். கூலன்ட் விளம்பரங்களும் இப்படித்தான். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும். அதை ஊற்றுவது துரு பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை உயரவும், குளிர்நாடுகளில் உறையாமல் இருக்கவும். கிணற்று நீரை ஊற்றிய எஞ்சினில் படியும் சுண்ணாம்பு, செம்போடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் மோசமான வெப்பக்கடத்தி. அது முதலில் திணறடிப்பது குழாய்கள் மெலிந்தும் ஓட்டம் குறைந்தும் இருக்கும் ஹீட்டர் கோரைத்தான். ஒழுகலை அடைக்கிறேன் என்று ஊற்றப்படும் பொடிகளும் போய்த் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அடைத்த கோரைத் தண்ணீர் வரும் திசைக்கு எதிராக, மென்மையான அழுத்தத்தில் கழுவினால் கசடு பல நேரம் வந்துவிடும். பலமாகப் பாய்ச்சினால் பழைய ஈயப் பற்று விட்டுவிடும்.

வாசகரின் முதல் யோசனைக்கு வருவோம். ஹீட்டரைத் திறந்தால் எவ்வளவு லாபம்? சிறு கார் ஹீட்டர் ஒன்று கடுங்குளிரில் 3 கிலோவாட் தரும் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரிக் காற்றில் அது 2.4 அளவுக்கு இறங்கும். மொத்தம் 15-இல் அது ஆறில் ஒரு பங்கு. பெரிய ரேடியேட்டரின் சுமை அந்த அளவு குறைந்தால், காற்றைவிட அது 68 டிகிரி கூடுதலாக இருந்ததற்குப் பதில் 57 கூடுதலாக இருந்தால் போதும். பத்து டிகிரிக்கு மேல் ஆதாயம். கையில் ஒரு திருகைத் திருப்பி, ஃபேனைப் போட்டுக் கிடைக்கும் பத்து டிகிரி சாதாரணமானதல்ல. உட்காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கும் வகை ஹீட்டர் என்றால் கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில நிமிடங்களில் காரின் உட்புறமே சூடாகி அந்த லாபம் கரைந்துவிடும். இதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. மைனரில் பெரிய ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் ஹெட்டின் முன்முனையில் வெளியேறிவிடுவதால், பின்னால் நான்காவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் மந்தமாகவே இருக்கும். ஹீட்டரின் வாய் அந்தப் பின்முனையில்தான் இருக்கிறது; அதைத் திறந்தால் தேங்கிய மூலையில் தண்ணீர் நகரத் தொடங்குகிறது. பந்தயத்துக்காக இந்த எஞ்சினைத் தயார் செய்பவர்கள் ஹீட்டரே இல்லாத காரிலும் அந்தப் பின்வாயிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை எடுப்பது இதற்காகத்தான். ஆனால் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும் காரில், அல்லது ஃபேன் பெல்ட் தளர்ந்த காரில், ஹீட்டர் மலையுச்சிவரை கொண்டுபோய்ச் சேர்க்காது. ஓரம் கட்டி நிறுத்த ஓர் இடம் தேடும்வரை தாக்குப்பிடிக்க உதவும்.

அப்படி ஹீட்டரைத் திறந்துவைத்து ஓட்டும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுடச்சுட வந்துகொண்டிருந்த ஹீட்டர் காற்று திடீரென்று குளிர்ந்துவிட்டால், எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் எங்கோ ஒழுகி மட்டம் இறங்கும்போது, உயரத்திலிருந்து பிரியும் ஹீட்டர் பாதை முதலில் வறண்டுபோகும். அதில் காற்றும் நீராவியும்தான் நிற்கும், அவற்றால் தண்ணீர் சுமந்த அளவுக்கு வெப்பத்தைச் சுமக்க முடியாது. வெப்பமானியின் முனையும் தண்ணீரில் நனையாமல் தொங்கினால், முள் இறங்குவதுகூட நடக்கும். முள்ளும் இறங்கி, ஹீட்டர் காற்றும் குளிர்ந்தால் எஞ்சினை அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். மூடியைத் தொடாமல் அரை மணி நேரமாவது விட்டு, மேல் ஹோஸ் கையால் அழுத்தும் அளவுக்கு ஆறிய பிறகே திறந்து, தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். ஹீட்டர் வால்வை அப்போது திறந்தே வைத்திருந்தால், உள்ளே சிக்கிய காற்று அந்த வழியாகவும் வெளியேறும்.